112 மின்னஞ்சல்களும் ஒரு வெளிச்சப் புள்ளியும்

வாசகர் கேள்வி:

பெரியகுளத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன், அம்மா. பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. இதுவரை 72 சதவீதம். கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சி பெற ஆசை. 112 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டே பதில்கள். ஒன்று, 'இடமில்லை'. மற்றொன்று, விடுப்பில் இருப்பதாகச் சொல்லும் தானியங்கிப் பதில். 4,500 ரூபாய் கட்டினால் ஒரு மாதத்தில் ஆராய்ச்சிப் பயிற்சிச் சான்றிதழ் தருவதாக ஒரு தனியார் நிறுவனம் சொல்கிறது. பரிந்துரைக் கடிதம் கேட்டால், 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார் துறைத் தலைவர். எனக்கு ஆங்கிலம் தடுமாறும். அப்பா வெளியூருக்கு இரண்டு மாதம் அனுப்பத் தயங்குகிறார். அனுப்பிய கடிதத்தையும் விவரக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பின்குறிப்பு: இதற்குச் சம்பந்தமில்லாத ஒரு சந்தேகம். நியூட்டன் வளையங்கள் சோதனையில் எங்கள் குழுவுக்கு நடுப்புள்ளி கருப்பாக வராமல் வெளிச்சமாக வந்தது. லேப் அண்ணன் லென்ஸைத் துடைத்துக் கொடுத்ததும் கருப்பாகிவிட்டது. ஆனால் துடைப்பதற்கு முன் எடுத்த அளவிலும் லென்ஸின் வளைவு ஆரம் ஏறக்குறைய அதேதான் வந்தது. மேடத்திடம் கேட்கப் பயந்து விட்டுவிட்டேன்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படித்தது பின்குறிப்புக்காக மட்டும். 'சம்பந்தமில்லாத சந்தேகம்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பியவற்றில் ஓர் இயற்பியல் மாணவியின் குரல் கேட்பது அந்த ஐந்து வரிகளில்தான். 112 பேருக்குப் போன கடிதத்தில் அது ஓர் இடத்திலும் இல்லை. எங்கே தவறு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். மற்றவை இதற்குப் பிறகு வருபவை.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். குவிலென்ஸுக்கும் கீழே உள்ள கண்ணாடித் தகட்டுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருக்கிறது. அந்தப் படலத்தின் மேல் பரப்பிலும் கீழ்ப் பரப்பிலும் பட்டுத் திரும்பும் இரண்டு கதிர்கள் சேர்வதால்தான் வளையங்கள் தெரிகின்றன. லென்ஸ் தகட்டைத் தொடும் இடத்தில் படலத்தின் தடிமன் சுழி. அங்கே இரண்டு கதிர்களுக்கும் பாதை வேறுபாடு கிடையாது. ஆனால் அடர்த்தி மிகுந்த ஊடகத்தில் பட்டுத் திரும்பும் கதிர் அரை அலைநீளம் புரண்டுவிடுவதால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அதனால்தான் நடுவே கருப்பு. உங்கள் லென்ஸுக்கு அடியில் ஒரு தூசி இருந்திருக்கிறது. அது லென்ஸைச் சற்றே தூக்கிப் பிடித்திருக்கிறது. நடுவிலும் ஒரு சிறு இடைவெளி விழுந்ததால் புள்ளி வெளிச்சமாகிவிட்டது. இடைவெளியின் அளவு வேறாக இருந்திருந்தால், தூசி இருந்தும் கருப்பாகவே தெரிந்திருக்கும்.

அப்படியானால் ஆரம் ஏன் மாறவில்லை? நீங்கள் கணக்கிடும் முறையைப் பாருங்கள். ஒரு வளையத்தின் விட்டத்தை வர்க்கமாக்குகிறீர்கள், இன்னொன்றின் விட்டத்தையும் வர்க்கமாக்குகிறீர்கள், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறீர்கள். தூசி தந்த இடைவெளி இரண்டு வர்க்கத்திலும் ஒரே அளவாகச் சேர்ந்திருக்கிறது. கழிக்கும்போது போய்விடுகிறது. 'விட்ட வர்க்கங்களின் வேறுபாட்டை எடு' என்று செய்முறைப் புத்தகம் சொல்வது இதற்காகத்தான். பாதிப் பேருக்கு இது தெரியாமலேயே ரெக்கார்டு நோட்டில் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. உங்களுக்கோ அது விடையில் தட்டுப்பட்டது, கண்ணில் உறுத்தியது, எழுத வைத்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒரு மாணவருக்கும் இப்படித்தான் ஒன்று உறுத்தியது. நிறமாலைமானியில் (ஸ்பெக்ட்ரோமீட்டர்) கண்ணாடிப் பட்டகத்தின் (பிரிசம்) கோணத்தை அளந்துகொண்டிருந்தவர், ஒளி மிகச் சாய்வாக விழும்போது தெரிந்த ஒளிப் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லை என்பதைக் கவனித்தார். எல்லாரும் பார்க்கிற கருவி, எல்லாரும் செய்கிற சோதனை. அவர் அதை விடாமல் அளந்து எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் லண்டனின் ஃபிலசாஃபிக்கல் மேகஸினில் வெளியானது. அப்போது சி. வி. ராமனுக்கு வயது 18. உங்களை ராமனோடு ஒப்பிட்டுக் குளிரவைக்க இதைச் சொல்லவில்லை. கல்லூரி ஆய்வகத்து நிறமாலைமானியும் சோடியம் விளக்கும் ஆராய்ச்சிக்குப் போதாதவை என்று உங்கள் கடிதம் முழுக்க ஓடும் எண்ணம் சரியல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நீங்கள் அனுப்பிய கடிதத்துக்கு வருகிறேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்குகிறது. பட்டியலில் குறைந்தது முப்பது பேர் பெண்கள். 'நான் கடின உழைப்பாளி, எதையும் விரைவில் கற்றுக்கொள்பவள், ஆராய்ச்சியில் தீராத ஆர்வம் உள்ளவள்' என்று போகிறது. 'உங்கள் ஆய்வுப் பணிகள் என்னை மிகவும் கவர்ந்தன' என்கிறது, எந்தப் பணி என்று சொல்லவில்லை. துகள் இயற்பியல் பேராசிரியருக்கும் மண்ணியல் பேராசிரியருக்கும் ஒரே கடிதம். குற்றம் சொல்லவில்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்று உங்களுக்கு யாரோ ஒரு மாதிரியைக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பக்கம் இருந்து பார்ப்பது எப்படி என்று தெரிந்தால் நீங்களே அதைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள்.

டிசம்பர் தொடங்கி மார்ச் வரை எனக்கு வரும் இத்தகைய கடிதங்களை நான் பெரும்பாலும் இரண்டு வேலைகளுக்கு நடுவே கைப்பேசியில் படிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம். முதல் நான்கு வரிகளில் 'இவர் எனக்குத்தான் எழுதியிருக்கிறார்' என்று தோன்றாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுகிறேன். கல்நெஞ்சம் என்று நினைக்காதீர்கள். ஒரு மாணவரைக் கோடைக்கு எடுப்பது என்றால் அவரைக் கருவிக்கு அருகே விடுமுன் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்க வேண்டும், உட்கார ஒரு மேசை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என் ஆய்வு மாணவர் ஒருவர் தம் சொந்த வேலையை ஒதுக்கிவைத்து வாரக்கணக்கில் அவரோடு உட்கார வேண்டும். எட்டு வாரத்தில் ஓர் இளநிலை மாணவரால் எங்கள் ஆய்வு பெரிதாக முன்னேறிவிடாது. அது எங்களுக்கும் தெரியும். நாங்கள் தேடுவது வேறு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வாரா? எதிர்பார்த்த எண் வராதபோது எண்ணைத் திருத்துவாரா, காரணத்தைத் தேடுவாரா? இந்த இரண்டுக்கும் மதிப்பெண் பட்டியலில் விடை இல்லை. உங்கள் பின்குறிப்பில் இருக்கிறது.

ஆகவே இப்படி எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும். ஆனால் முதலில் தமிழில் யோசியுங்கள்:

'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நான் இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. மெல்லிய திரவப் படலங்களின் தடிமனைக் குறுக்கீட்டு வளையங்கள் மூலம் அளப்பது பற்றிய உங்கள் கட்டுரையின் முன்னுரையையும் சோதனை அமைப்புப் பகுதியையும் படித்தேன். கணிதப் பகுதி எனக்கு இன்னும் புரியவில்லை. எங்கள் ஆய்வகத்தில் நியூட்டன் வளையங்கள் சோதனையில் நடுப்புள்ளி வெளிச்சமாக வந்தது. லென்ஸைத் துடைத்த பின் கருப்பானது. இரண்டு நிலையிலும் வளைவு ஆரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காரணத்தைப் பின்னர் புரிந்துகொண்டேன்: வர்க்கங்களின் வேறுபாட்டில் இடைவெளி நீங்கிவிடுகிறது. உங்கள் சோதனையில் இடைவெளியையே அளக்க வேண்டியிருப்பதால் இந்த வழி உதவாது என்று நினைக்கிறேன். அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கற்றுக்கொள்ள விரும்புகிறேன். மே மூன்றாம் வாரம் முதல் எட்டு வாரம் என்னால் வர முடியும். மதிப்பெண் பட்டியலையும் ஒரு பக்க விவரக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.'

கட்டுரையின் பொருளை நான் உதாரணத்துக்குச் சொன்னேன். நீங்கள் உண்மையில் படித்ததைத்தான் எழுத வேண்டும். இந்தக் கடிதத்தில் 'ஆர்வம்' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை, ஆனால் ஆர்வம் தெரிகிறது. 'கணிதப் பகுதி புரியவில்லை' என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி நண்பர்கள் ஆலோசனை தருவார்கள். எடுக்காதீர்கள். அந்த வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் உண்மை என்று எனக்கு நம்பிக்கை வரும். விளக்கத்தை ஒரு முறை நீங்களே தாளில் எழுதி நிறுவிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

இப்படி ஒரு கடிதத்துக்கு மூன்று நான்கு நாள் ஆகும். எனவே 112 அனுப்ப முடியாது. எட்டோ பத்தோ போதும். ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் அவருடைய ஆய்வுக்குழுப் பக்கத்தைப் பாருங்கள். கோடை மாணவர்களை எப்படி எடுப்பார் என்று சிலர் அங்கேயே எழுதி வைத்திருப்பார்கள். 'எனக்கு நேரடியாக எழுதாதீர்கள், நிறுவனத்தின் வழியாக விண்ணப்பியுங்கள்' என்றிருந்தால் அதற்குக் கீழ்ப்படியுங்கள். இயற்பியல் கட்டுரைகள் பெரும்பாலும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சந்தா கட்டும் நூலகம் உங்கள் கல்லூரியில் இல்லை என்பது தடையே இல்லை. முன்னுரை, படங்கள், படங்களின் கீழே உள்ள குறிப்புகள், முடிவுரை என்ற வரிசையில் படியுங்கள். ஒரு கட்டுரையில் கால்வாசி புரிந்தாலே இரண்டாம் ஆண்டு மாணவிக்கு அது நல்ல வாசிப்பு. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை, இரண்டு வரியில் நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நேரடிக் கடிதம் ஒரு பாதை. நிறுவனங்கள் நடத்தும் கோடைத் திட்டங்கள் மற்றொரு பாதை. இரண்டிலும் முயலுங்கள். பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம்தான் நாட்டில் பரவலாக அறியப்பட்டது. எட்டு வாரம், உதவித்தொகை உண்டு, ஒரு விஞ்ஞானியின் கீழ் உங்களை அமர்த்துவார்கள். விண்ணப்பத்தோடு ஒரு சிறு குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரையும் கேட்பார்கள். அந்தக் குறிப்பு இடத்தில் உங்கள் வெளிச்சப் புள்ளியை எழுதுங்கள். கவனிக்க வேண்டியது, கோடைக்கான இந்த விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். மார்ச்சில் விழித்துக்கொள்பவர்களுக்கு அது கிடைக்காது. தீபாவளி முடிந்ததும் வாரம் ஒருமுறை அந்தத் தளத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்தும் தேசிய இளநிலை அறிவியல் முனைவு பற்றி நம் கல்லூரிகளில் அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பெரும்பாலான திட்டங்கள் முதுநிலை மாணவர்களை நோக்கியவை. இது இளநிலையின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களுக்கென்றே உருவானது. முகாமில் தொடங்கி, தொடர்ந்து வந்து ஒரு சிறு ஆய்வுத் திட்டம் செய்ய வாய்ப்புத் தருகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்த கதவு. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனம் கோடைக்கு மட்டும் என்றில்லாமல் ஆண்டு முழுவதும் வருகை மாணவர்களை எடுக்கிறது. ஒளியும் பருப்பொருளும் பற்றிய ஆய்வு, மென்பருப்பொருள் (திரவப் படிகம், கூழ்மம் போன்றவை) ஆய்வு இரண்டும் அங்கே நடக்கின்றன. உங்கள் பின்குறிப்புக்குப் பொருத்தமான இடம். சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே கோட்பாடுதான், கருவி கிடையாது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோடைத் திட்டமும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் கோடைப் பயிற்சியும் முக்கியமாக எம்.எஸ்சி. மாணவர்களுக்கு. இரண்டு ஆண்டு கழித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தகுதி, வயது, கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே நண்பர்கள் அனுப்பும் பட்டியலை நம்பாமல் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள்.

பக்கத்தில் இருப்பதை மறக்காதீர்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் தந்து உருவான இடம். உங்கள் ஊரில் காலையில் பஸ் ஏறினால் மதுரையில் மாறி மதியத்துக்குள் போய்விடலாம். பெயரில் வேதியியல் இருப்பதால் இயற்பியல் மாணவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. மெல்லிய படலங்கள், மின்கலப் பொருள்கள் என்று அங்கே நடப்பதில் பாதி இயற்பியல்தான். மதுரையில் பல்கலைக்கழகத் துறைகள் இருக்கின்றன. பெங்களூருக்குப் போன மாணவியைவிட, தன் மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல ஆசிரியரிடம் ஆறு வாரம் உட்கார்ந்த மாணவி அதிகம் கற்றுக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரைவிட, யாரிடம் உட்காருகிறீர்கள் என்பதைப் பாருங்கள்.

72 சதவீதத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் திட்டங்களில் முதல் சல்லடை மதிப்பெண்தான். அங்கே உங்களுக்குக் கடினம். விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏமாற்றத்துக்கு மனத்தைத் தயார்செய்து கொள்ளுங்கள். நேரடிக் கடிதத்தில் அந்தச் சல்லடை கிடையாது. ஓர் ஆசிரியருக்கு உங்கள் கடிதம் பிடித்துவிட்டால் 72-ஐ மன்னித்துவிடுவார். ஆனால் மறைத்தால் மன்னிக்க மாட்டார். அரியர் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம். 'நீயே எழுதிக்கொண்டு வா' என்பது நம் கல்லூரிகளில் வேரூன்றிய வழக்கம். அதில் இருக்கும் கேடு உங்களுக்குத்தான். உங்கள் கடிதமும் பரிந்துரையும் ஒரே கையில் எழுதப்பட்டவை என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பல நிறுவனங்கள் பரிந்துரையை ஆசிரியரிடமிருந்தே நேராகக் கேட்பதும் இதனால்தான். துறைத் தலைவரைக் கடிந்து பயனில்லை. மாணவர் கூட்டத்துக்கு நடுவே அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்குமா என்பதே சந்தேகம். ஆகவே பதவி பார்க்காமல், செய்முறை வகுப்பில் உங்களைக் கண்ணால் பார்த்த ஆசிரியையைக் கேளுங்கள். ஆம், கேட்கப் பயந்த அதே மேடம்தான். முதலில் நியூட்டன் வளையத்தைப் பற்றிக் கேளுங்கள், பரிந்துரையைப் பிறகு. கடைசித் தேதிக்கு மூன்று வாரத்துக்கு முன்பே போங்கள். அவர் வகுப்பில் நீங்கள் செய்த சோதனைகள், கேட்ட கேள்விகள், எடுத்த மதிப்பெண் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கடிதத்தை அவர் எழுதட்டும். ஆசிரியர்களுக்கும் குறிப்பு கையில் இருந்தால் எழுதுவது எளிது. கல்லூரி மின்னஞ்சல் முகவரி அவருக்கு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் தனிப்பட்ட முகவரியிலிருந்து வரும் பரிந்துரையை ஏற்பதில்லை.

ஆங்கிலத்துக்கு ஒரே வழி, சிறு வாக்கியங்கள். பத்துச் சொல்லுக்கு மேல் போகாத வாக்கியத்தில் பிழை செய்ய இடம் குறைவு. இப்போது பலர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் 'பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுது' என்று சொல்லி வருவதை அப்படியே அனுப்புகிறார்கள். இலக்கணம் பழுதில்லாமல் இருக்கிறது, ஆள் மட்டும் காணாமல் போய்விடுகிறார். நீங்கள் எழுதியதில் பிழை பார்க்க அதைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. எழுதுவதை அதனிடம் விட்டுவிடாதீர்கள். ஒரு காலப் பிழையோடு வரும் உண்மையான கடிதத்துக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன்.

4,500 ரூபாய் நிறுவனத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. அந்தச் சான்றிதழைக் கோடைத் திட்டங்களின் தேர்வுக்குழுவில் யாரும் மதிப்பதில்லை. அதை விவரக் குறிப்பில் முதலில் போட்டால், எதை ஆராய்ச்சி என்று நினைக்கிறீர்கள் என்ற ஐயமே எழும். சில அரசு ஆய்வகங்களும் பயிற்சிக் கட்டணம் வாங்குகின்றன என்பது உண்மை. அவர்கள் தொகையைத் தளத்தில் வெளிப்படையாகப் போட்டு, ரசீது கொடுத்து, ஒரு விஞ்ஞானியின் பெயரைச் சொல்லி அவர் கீழ் அமர்த்துவார்கள். உங்களுக்கு வந்த விளம்பரத்தில் விஞ்ஞானி யார் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்பாவின் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அப்பாவும் தயங்கினார். அவரிடம் 'என்னை நம்புங்கள்' என்று சொல்வதைவிட விவரங்களைக் கையில் கொடுப்பது மேல். விடுதி வளாகத்துக்குள் இருக்கிறதா, பெண்களுக்குத் தனியா, இரவில் எத்தனை மணிக்குக் கதவடைப்பார்கள், யாருடைய எண்ணுக்கு அழைக்கலாம். தேர்வானதும் நிறுவனத்துக்கு எழுதி இவற்றைக் கேளுங்கள், தயங்காமல் பதில் தருவார்கள். முதல் நாள் அப்பாவையும் அழைத்துப் போங்கள். உங்களுக்கு வழிகாட்டப்போகும் ஆய்வு மாணவியையோ ஆசிரியரையோ ஐந்து நிமிடம் பார்த்துவிட்டால் அவருடைய முகம் மாறும். சின்னப் பிள்ளை போல அப்பாவோடு வருகிறாளே என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. எங்கள் வாசலில் ஒவ்வொரு மே மாதமும் பையோடு நிற்கும் அப்பாக்களை எனக்குப் பழக்கம்.

பணம் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உதவித்தொகை உண்டு என்றாலும் அது பெரும்பாலும் கடைசியில்தான் கைக்கு வரும். நான் முதுநிலை படிக்கும்போது போன முதல் கோடைப் பயிற்சியில், ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அத்தையிடம் 800 ரூபாய் கடன் வாங்கிப் போயிருந்தேன். ஆறாவது வாரத்தில் மெஸ் பாக்கி கட்ட முடியாமல் இரவுச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டேன். வழிகாட்டியிடம் சொல்ல வெட்கப்பட்டேன். அவரிடம் சொல்லியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும் என்று பின்னால் தெரிந்தது. நீங்கள் அப்படி வெட்கப்படக் கூடாது. பயணம், விடுதி முன்பணம், முதல் மாதச் சாப்பாடு ஆகியவற்றுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். முடியாத நிலை என்றால், சேருமுன்பே நிறுவனத்துக்கு எழுதி முன்தொகை கேளுங்கள். கேட்பவர்களுக்கு வழி செய்யும் இடங்கள் இருக்கின்றன.

தேர்வு அட்டவணையையும் இப்போதே பாருங்கள். நம் கல்லூரிகளில் பருவத் தேர்வு மே நடுப்பகுதிவரை இழுத்துவிடுகிறது. சில திட்டங்கள் மே முதல் வாரமே தொடங்குகின்றன. எந்தத் தேதியிலிருந்து வர முடியும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் பிற்பாடு சங்கடம் இல்லை. போனஃபைடு சான்றிதழும் கல்லூரி முதல்வரின் தடையில்லாச் சான்றும் கேட்பார்கள். அலுவலகத்தில் அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லாம் செய்தும் இந்தக் கோடையில் இடம் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் உங்கள் ஊருக்கு மேலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. கொடைக்கானல் சூரிய வானாய்வகம் 1899-இல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளுக்குள் வாயு ஆரத் திசையில் வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான். நூறு ஆண்டுக்கும் மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்களை எண்மப்படுத்தி இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய சூரியப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஏழெட்டு நாள் படங்களை இறக்கி, புள்ளி ஒவ்வொரு நாளும் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். விளிம்புக்கு அருகே நகர்வு குறைவதுபோல் தெரியும். கோளத்தைத் தட்டாகப் பார்ப்பதால் வருவது அது. சைன் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். நாளுக்குச் சுமார் 13 பாகை, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 27 நாள் என்று வர வேண்டும். உங்களுக்கு 26-ஓ 29-ஓ வந்தால் அந்த எண்ணை அடித்துத் திருத்தாதீர்கள். ஏன் என்று தேடுங்கள். புள்ளி சூரியனின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். கல்லூரிக் கணினி அறையில் மூன்று வாரத்தில் முடிகிற வேலை. இதை நான்கு பக்கத்தில் எழுதி இணைத்து அடுத்த ஆண்டு யாருக்கு அனுப்பினாலும் படிப்பார்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில் கருப்புப் புள்ளி வந்த அளவுகளை மட்டுமே ஏற்றியிருப்பீர்கள். துடைப்பதற்கு முன் எடுத்தவை அப்சர்வேஷன் நோட்டில் பென்சிலில் இருக்கும். அந்தப் பக்கம் இன்னும் கிழிபடாமல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்குச் செய்முறை வகுப்பில் மேடத்திடம் காட்டுங்கள்.